மூன்றாம் பத்தி

எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. இன்னும் மூக்குக்கண்ணாடி இல்லாமல்தான் பத்திரிகை வாசிக்கிறேன். கடைசிப் பக்கத்துச் சின்ன விளம்பரங்கள்கூடப் பிசகாமல் தெரியும். எழுத்துச் சிறிதாக இருந்தது, அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லிப் பார்க்கலாமே என்று நேற்று உங்கள் பொலிஸ் சார்ஜன்ட் எனக்குப் புத்தி சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அது பொய். அந்த அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் நான் வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன்.

பெயர் துரைராசா. ஊர் யாழ்ப்பாணம். கந்தப்பளைக்கும் ராகலைக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்துமூன்று வருடமாக மருத்துவ உதவியாளர். நான் டாக்டர் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனங்கள் டாக்டரய்யா என்று கூப்பிடுவார்கள், நானும் திருத்தியதில்லை. காய்ச்சல், பிள்ளைப்பேறு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் எல்லாம் என்னிடம்தான் வரும். கூடவே இன்னொன்றும் வரும். இங்கிலீசில் எழுதிய எந்தக் காகிதம் தோட்டத்துக்கு வந்தாலும் நேரே டிஸ்பென்சரிக்குக் கொண்டுவருவார்கள். கோர்ட்டு நோட்டீஸ், ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு, கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன பிள்ளையின் முதலாளியம்மா எழுதிய கடிதம், எதுவென்றாலும் சரி. நான் வாசித்துச் சொன்னால்தான் அது அவர்களுக்குக் கடிதம். நான் சொல்லாதது அதில் இல்லை.

இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. எனக்கு முன்னிருந்தவர் காலத்திலேயே அப்படித்தான். இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

வியாகுலம் பெரிய கணக்கப்பிள்ளை. தொழிலாளியின் மகனாக லயத்தில் பிறந்து, அந்தப் பதவிவரை ஏறிய மனிதர். தோட்டத்து மனேஜர் துரை இல்லாத நாட்களில் தோட்டம் அவர் கையில். காலையில் வேலையாட்கள் கூடுகிற பெரட்டில் ஆள் பிரிப்பது, எந்த மலையில் கொழுந்து எடுப்பது, லொறி எங்கே போவது எல்லாம் அவர் வாய்ச்சொல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்று போதும்.

என் மனைவி ஜெகதீஸ்வரி தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்கு வயிற்றுவலி. பின்னேரம் மூன்று மணிக்குக் கண் சொருகி விழுந்துவிட்டாள். கை கால் சில்லிட்டுப்போய், நாடி பிடிபடவில்லை. நான் ஆபீசுக்கு ஓடினேன். துரை கொழும்பில். வியாகுலம் இருந்தார். லொறி கேட்டேன். லொறி கீழ்ப் பிரிவில் கொழுந்து ஏற்றிக்கொண்டு நிற்கிறது, ஆள் அனுப்புகிறேன், இறக்கியதும் வரும் என்றார். வந்து சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நுவரெலியாவுக்குப் பாதி வழியில் அவள் போய்விட்டாள். கரு குழாயில் தங்கி வெடித்திருந்தது என்றும், உள்ளே இரத்தம் கட்டி நின்றது என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்கு முப்பத்துநான்கு வயது.

எனக்குக் கோபம். அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. ஒரு மனுசி சாகக் கிடக்கும்போது கொழுந்து வாடிவிடும் என்று கவலைப்படுகிற ஊர் இது. நூற்றைம்பது வருடமாக இந்த மலைகளில் அதுதான் நடந்திருக்கிறது, யாரும் கேட்டதில்லை. தோட்டம் முழுக்க அன்றே பேச்சுக் கிளம்பியது. கொழுந்துக்காக டீச்சரம்மாவைச் சாகவிட்டவர் என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். வியாகுலத்தின் காதிலும் விழுந்திருக்கும். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போவார். அந்த ஞாயிறு அவருடைய மனைவி சுகிர்தம் எனக்குச் சோறும் கோழிக்கறியும் கொடுத்தனுப்பினாள். அடுத்த ஞாயிறும் வந்தது. ஒன்பது வருடம் வந்தது. நான் சாப்பிட்டேன். மடியில் கனம் இல்லாதவன் ஏன் கறி அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் வியாகுலத்துக்கு மாரடைப்பு வந்தது. கொழும்பில் புடைவைக் கடை ஒன்றில் வேலைசெய்யும் அவருடைய மகன் ஜூட்சன் ஓடியாடி அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். தொடை வழியாகக் கம்பி விட்டு, இதயக் குழாய் அடைத்திருந்த இடத்தில் ஒரு சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். ஸ்டென்ட் என்பார்கள். தோட்டத்தில் அதற்கு ஸ்பிரிங் என்று பெயராகிவிட்டது. பெரிய கணக்கப்பிள்ளைக்கு நெஞ்சில் ஸ்பிரிங் போட்டிருக்கிறது என்று பிள்ளைகள்கூடப் பேசிக்கொண்டார்கள்.

எட்டு ஒன்பது மாதம் நன்றாக இருந்தார். பிறகு ஏற்றத்தில் நெஞ்சு இறுகத் தொடங்கியது. கொழும்பு டாக்டர் மறுபடியும் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். இவர் பயந்துபோனார். அப்படியானால் முதலில் சி.ரி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், அதில் தொடையில் கை வைக்கிற வேலை இல்லை என்று டாக்டர் இறங்கி வந்தார். அப்போது கொழும்பில் அந்தப் புதிய மெஷின் வந்து அதிக நாளாகவில்லை. போகும்போது டாக்டர் சொல்லியனுப்பியது இதுதான்: அறிக்கை நன்றாக இருந்தால் டிசம்பர் கிளினிக்குக்கு வந்தால் போதும், சரியில்லை என்றால் அன்றைக்கே புறப்பட்டு வாருங்கள். டாக்டர் சொன்னதில் பிழை இல்லை. நன்றாக இருக்கிறதா சரியில்லையா என்பதை இந்தத் தோட்டத்தில் யார் தீர்மானிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த ஸ்கேனைப் பற்றிக் கண்டியில் எங்களுக்கு நடத்திய ஒருநாள் வகுப்பில் நான் கேட்டிருக்கிறேன். முதலில் மாத்திரை கொடுத்து நாடித்துடிப்பைக் குறைப்பார்கள், இதயம் துள்ளினால் படம் கலங்கிவிடும். நாக்குக்கு அடியில் மருந்து வைத்துக் குழாய்களை விரியவைப்பார்கள். கையில் மருந்து ஏற்றி, மூச்சை அடக்கச் சொல்லிப் படம் பிடிப்பார்கள். அந்த மருந்துகளால் வியாகுலத்துக்கு அன்று நெஞ்சு லேசாகிவிட்டது. மெஷினே தன்னைக் குணப்படுத்திவிட்டது என்று நம்பிவிட்டார். "அதுக்குள்ள போயி வந்தேங்க, இறுக்கமெல்லாம் போயிருச்சு. என்னா மாதிரி மெஷினு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது வைத்தியமில்லை, படம் மட்டும்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். சந்தோஷமாக இருக்கிற மனிதரைக் கலைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அறிக்கையையும் படங்களையும் ஜூட்சன் ஒட்டிய உறைக்குள் வைத்து ராகலை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டிருந்தான். செப்டம்பர் இருபதாம் திகதி, வியாழக்கிழமை காலை, வியாகுலமும் சுகிர்தமும் அந்த உறையோடு வந்தார்கள். சுகிர்தம் வெளியே வாங்குப் பலகையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாள். அவர் மட்டும் உள்ளே வந்தார். படத்தை யன்னலில் வைத்துப் பார்த்தேன். இதயக் குழாய் ஒரு சாம்பல் கோடு. அதன் நடுவில் ஸ்டென்ட் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"அதாங்களா ஸ்பிரிங்கு? நல்லா மின்னுதே" என்றார்.

மின்னுவதுதான் சிக்கல். உலோகம் அந்தப் படத்தில் ஊதித் தெரியும். பனிமூட்டத்தில் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு எப்படி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியுமோ அப்படி. வெளிச்சம்தான் தெரியும், பஸ் தெரியாது. வலைக்குழாய் அகலமாக இருந்தால் உள்ளே ஓரளவு பார்க்கலாம். வியாகுலத்தினுடையது இரண்டரை மில்லிமீற்றர். உள்ளே மறுபடி சதை வளர்ந்து அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அறிக்கை எழுதியவர் நேர்மையானவர். மூன்று பத்தி எழுதியிருந்தார். முதலாவதில், ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே இருக்கிறது, உடையவில்லை, நகரவில்லை. இரண்டாவதில், மற்றக் குழாய்களில் பெரிய அடைப்பு இல்லை. மூன்றாவதில், உலோக நிழலால் ஸ்டென்ட்டின் உள்பக்கத்தைக் கணிக்க முடியவில்லை, அதற்கு அப்பால் குழாயில் மருந்து மெலிந்து ஓடுகிறது, நோயாளிக்கு மறுபடி நெஞ்சு இறுகுவதால் உள்ளே அடைப்பு இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும், தாமதமில்லாமல் கம்பி விட்டுப் பார்க்கவும். தாமதமில்லாமல் என்ற சொல்லுக்குக் கீழே கோடு இருந்தது.

முதல் பத்தியைத் தமிழில் சொன்னேன். "ஸ்பிரிங் தன்ர இடத்தில இருக்கு. உடையேல்லை." இரண்டாவதையும் சொன்னேன். "மற்றக் குழாயளிலயும் பெரிசா ஒண்டுமில்லை." பிறகு தாளை மடித்தேன்.

"அப்ப நல்லாருக்குங்களா ஐயா?"

"நான் வாசிச்சதைக் கேட்டனீங்கள்தானே."

பார்த்தீர்களா, நல்லாயிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்த அறையில் ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. சுகிர்தம் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாதா கண்ணத் தொறந்துட்டாங்க. நீங்க நல்லாருக்கணுங்கய்யா" என்றாள். படங்களை அவர்களிடம் கொடுத்தேன். தாளை, பத்திரமாக இருக்கட்டும் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். திகதி முத்திரை குத்தி வைத்தேன். நீங்கள் தேடி வந்தபோது அங்கேயே இருந்தது. குற்றம் செய்தவன் அதை அடுப்பில் போட்டிருப்பான்.

வியாகுலம் படங்களை வீட்டு யன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் பெரிய கணக்கப்பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தார்கள். ஸ்பிரிங் எப்படி மின்னுகிறது பார் என்று அவரே விரல் வைத்துக் காட்டுவார். தோட்டமே பார்த்தது. வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

அடுத்த வாரம் துரை ஒரு துண்டு கேட்டனுப்பினார். வியாகுலத்தை ஆபீசில் இருத்துவதா, வழக்கம்போல மலைக்கு அனுப்பலாமா என்று. வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதி ஒப்பமிட்டேன். கீழே ஒரு வரி கூட்டி எழுதியிருந்தால் அவர் கதிரையில் உட்கார்ந்து செக்ரோல் சம்பளக் கணக்குப் பார்த்திருப்பார். துரை கேட்டது தகுதியா இல்லையா என்று. கேட்டதற்குப் பதில் எழுதினேன்.

ஒக்டோபரில் மூன்று தரம் வந்தார். சாப்பிட்டபின் நடந்தால் அடைக்கிறது, இடது கை உளைகிறது என்றார். தயங்கித் தயங்கித்தான் சொல்லுவார். படம்தான் நல்லாயிருக்கிறதே, இது வேறு ஏதோ என்று தானே சமாதானமும் சொல்லிக்கொள்வார். மூன்று தரமும் வாய்வு மிக்சர் கொடுத்தேன். போத்தலில் அவர் பெயரைத் தெளிவாக எழுதினேன். மூன்றாம் தரம் அவர் எழுந்து போகும்போது படியில் நின்று மூச்சு வாங்கினார். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டையும் பார்த்தேன். நாலு நிமிடம் நின்றார்.

அப்போது எனக்கு என்ன இருந்தது என்று கேட்டீர்கள். கோபம்தான் இருந்தது. கோபம் என்றால் கத்துவது, அடிப்பது என்று நினைக்கிறீர்கள். என்னுடையது அப்படியில்லை. காலையில் எழும்பும்போதே இருக்கும். முகம் கழுவும்போது இருக்கும். அவர் வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் அந்த மரியாதையைக் கண்டால் கூடும். அவர் திமிராக ஒரு தடவை பேசியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

நவம்பர் பன்னிரண்டாம் திகதி, காலை பத்தரை. வேலாயி என்ற கொழுந்தெடுக்கும் பெண் மலையிலிருந்து ஓடிவந்தாள். "டாக்டரய்யா, பெரிய கணக்கப்பிள்ள உச்சி மலையில சாஞ்சிட்டாருங்க. பேச்சு இருக்கு, ஆனா உடம்பு தொப்பலா நனஞ்சி போச்சு" என்றாள். கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். ஆஸ்பிரின் கொடுத்தேன். லொறிக்குச் சொன்னேன். லொறி ஏழு நிமிடத்தில் வந்தது. பாதி ஏற்றிய கொழுந்தை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு வந்தான் டிரைவர். கணக்கப்பிள்ளை என்றால் கொழுந்தைக் கொட்டலாம்.

லொறியில் அவர் தலை என் மடியில் இருந்தது. "படம் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை, படத்துக்காகப் பரிந்து பேசினார். கந்தப்பளை தாண்டியதும் நாடி நின்றது. ஜெகதீஸ்வரி போனதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.

அடக்கத்துக்கு நான் போனேன். சுகிர்தம் என்னைக் கண்டதும், "நீங்க எவ்வளவு பாத்தீங்க ஐயா" என்று விழுந்து அழுதாள். ஜூட்சன் அழவில்லை. நன்றாயிருந்த நெஞ்சு எப்படி நிற்கும் என்று அவன் என்னைக் கேட்டான். கடவுள் சித்தம் என்றேன். அவன் கொழும்புக்குப் போய் அறிக்கையின் பிரதியை எடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறான். கெட்டிக்காரன். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே ஆமாம். அடைத்திருக்கலாம் என்று தெரிந்தும் மறைத்தேன். மலையேற ஒப்பமிட்டேன். வாய்வு மருந்து கொடுத்தேன். அவர் சாகவேண்டும் என்று விரும்பினேன், செத்தார். ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் பதில் இது. இவ்வளவும் எழுதிக்கொண்டால் உங்களுக்கு வேலை முடிந்துவிடும். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன்.

ஆனால் எவ்வளவு நேரம் அவர் உள்ளே இருந்தார் என்று வாங்கில் இருந்தவர்களிடம் விசாரித்திருக்கிறீர்கள். இரண்டு பத்தி வாசிக்க அவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

இரண்டாம் பத்தி முடிந்ததும் நான் மூன்றாவதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். உடனே கொழும்புக்குப் போங்கோ என்ற சொல் என் நாக்கில் இருந்தது. அதற்குள் அவர் பேசத் தொடங்கினார். பிழைத்துவிட்டோம் என்ற நினைப்பில் மனம் இளகியிருந்தது போல.

"ஐயா, ஒன்னு சொல்லணுங்க. ஒம்பது வருசமா மனசுல கெடக்குது. அன்னைக்கிக் காலையில டீச்சரம்மாவுக்கு முடியாமப் போயி நான் லொறியக் கொண்டாந்து வாசல்ல நிப்பாட்டினேன்ல. நீங்க வேணாம்னு சொன்னாலும் நான் போயிருக்கக் கூடாதுங்க. லொறிய அங்கனயே வச்சிருக்கணும். படிச்சவங்க சொல்றாங்கன்னு திருப்பிட்டுப் போயிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, சுகிர்தத்துக்கிட்டகூட."

அது உண்மை. காலை பத்து மணிக்கு அவர் வந்தார். பாடசாலைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெகதீஸ்வரி வாந்தியெடுத்ததைக் கண்டு, தொழிற்சாலைக்குப் போன லொறியைத் திருப்பிக்கொண்டு வந்தார். டிரைவர் கீழே ரோட்டில் நின்றான். வியாகுலம் தொப்பியைக் கழற்றி வாசலில் நின்று, அம்மா மூஞ்சி வெளுத்திருக்குதுங்க, நுவரெலியாவுக்குக் கொண்டுபோயிருவோமா என்று கேட்டார். உள்ளேயிருந்து அவளும், "போவமேயப்பா, எனக்கு ரெண்டு மாசம் தள்ளியுமிருக்கு" என்றாள். எனக்கு வைத்தியம் சொல்லித்தர ஒரு கணக்கப்பிள்ளையா என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "இது வாய்வு. வைத்தியம் பாக்கிறது நானோ நீரோ?" என்று கேட்டேன். மிக்சரைக் கலக்கி அவளுக்குக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் பீலிக்கரையில் அவரைப் பேசினார்கள். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் பேச்சு என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. இப்போது என் முன்னால் உட்கார்ந்து, என்னிடமே மன்னிப்புக் கேட்கிறார். கைகூப்பிக்கொண்டு கேட்கிறார்.

நாக்கில் இருந்த சொல்லை விழுங்கிவிட்டு நான் தாளை மடித்தேன். வாசல் கதவு திறந்திருந்தது, வெளியே வாங்கில் பதினைந்து பேர் இருந்தார்கள், யார் காதில் எவ்வளவு விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம்.